ஐபாடில் ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது உடைவது எது?

ஆப்பிளின் பழைய பாட்டுக் கருவியான ஐபாடில் ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்து, திரையில் முகம் வாடிய ஐபாட் படம் நின்றால், உள்ளே உள்ள 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தகட்டில் தடத்தைத் தேடிப்போன படிப்புமுனை, அது கிடைக்காமல் ஓரத்துக்குத் திரும்பி மறுபடி போகும் சத்தம் அது. ஆனால் டிஸ்க்கை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே வாடிய முகம் வரும். கழற்றி மாட்டிப் பார்க்காமல் புது டிஸ்க் வாங்காதீர்கள்.

2005-இல் வந்த 30 ஜிபி ஐந்தாம் தலைமுறை ஐபாடையே பார்ப்போம். அதன் டிஸ்க் நிமிடத்துக்கு 4,200 சுற்று சுழலும். ஆனால் பாடும் நேரமெல்லாம் சுழலாது. அடுத்தடுத்த பாடல்களை 32 எம்பி நினைவகத்தில் அள்ளிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடும். பேட்டரி தாக்குப்பிடிப்பது அதனால்தான். டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு மாட்டினால், அது வேகமானதாக இருக்கத் தேவையே இல்லை என்பதற்கும் காரணம் அதுதான். பழைய டிஸ்க்குக்குப் பதில் இன்னொரு பழைய டிஸ்க்கைத் தேடி வாங்குவது வீண்செலவு. எஸ்டி கார்டு செருகும் அடாப்டர் போதும். விழுந்தாலும் தகடு கீறுமோ என்ற பயமில்லை. ஒலி மட்டும் அப்படியேதான் இருக்கும்.

திறக்கும் முன் ஹோல்டு பொத்தானைப் பூட்டுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைப் பக்கவாட்டு இடுக்கில் விட்டு, உட்கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், எஃகு முதுகு வளைந்துவிடும். மூடி கழன்றதும் சட்டென்று பிரித்தால் வேலை அங்கேயே கெட்டது: பேட்டரி ரிப்பனும் ஹெட்போன் ரிப்பனும் இரு பாதிகளையும் பிணைத்திருக்கின்றன, அவை கிழிந்துவிடும். விரலளவு இடைவெளி விட்டு, முதலில் பேட்டரி இணைப்பின் பழுப்புக் கொண்டியை நகத்தால் இருபுறமும் ஒரு நூல் உயர்த்துங்கள். முழுவதும் பிடுங்கிவிடக் கூடாது. ரிப்பன் தானாக வழுக்கி வரும்.

டிஸ்க்கின் ரிப்பனில் 40 தொடுமுனைகள், அரை மில்லிமீட்டருக்கு ஒன்று. துளி சாய்ந்தாலும் ஒரு முனை அடுத்ததன் இடத்தில் உட்காரும். கணினியின் ஐடியூன்ஸ் செயலியில் ஐபாடின் மென்பொருளைப் புதிதாக ஏற்றும் ரீஸ்டோர் பாதியில் நின்று பிழை காட்டும். கொண்டியை நிமிர்த்தி, ரிப்பனை அடிவரை நேராகத் தள்ளி, பிறகே கொண்டியை மடக்குங்கள். மாட்டிய பின் ரிப்பனின் விளிம்பும் இணைப்பியின் விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும்.

எவ்வளவு பெரிய கார்டு? ஐந்தாம் தலைமுறையில் 256 ஜிபி தாராளமாக வேலை செய்யும். ஆனால் பாடல் பட்டியலும் அந்த 32 எம்பிக்குள்தான் அடங்க வேண்டும். பல்லாயிரம் பாடல்களை ஏற்றினால் ஐபாட் திணறி, தானாக அணைந்து எழும். 2007, 2008-இல் வந்த ஐபாட் கிளாசிக் மாடல்களில் தடை வேறு. அவற்றின் மென்பொருள் கார்டின் பகுதிகளை 28 பிட் முகவரியில், அதாவது சுமார் 26.8 கோடி வரைதான், எண்ணுவதால், பகுதிக்கு 512 பைட் வீதம் 137 ஜிபிக்கு மேல் எதையும் காணாது. 2009-இன் 160 ஜிபி மாடலுக்கு அந்தத் தடை இல்லை.

மலிவு கார்டுகளில் போலி அதிகம். 256 என்று அச்சிட்டு உள்ளே 32 இருக்கும். கணினியில் முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துச் சோதித்த பிறகே மாட்டுங்கள். டிஸ்க் போன இடம் காலியாகக் கிடக்கும், அடாப்டர் ஆடாதிருக்க மெல்லிய நுரைப்பஞ்சு வையுங்கள். ரீஸ்டோர் முடிந்து, பாடல்களை முழுதாக ஏற்றிப் பார்த்துவிட்டு மூடியை அழுத்துங்கள். அந்தக் கொக்கிகள் பலமுறை திறந்து மூடத் தாங்காது.