காணொளிக்குள் ஒளிந்திருக்கும் பாட்டைக் கணினி கண்டுபிடிப்பது எப்படி?

கணினி விளையாட்டில் கார் ஓட்டும்போது அந்தக் காரின் வானொலியில் புகழ்பெற்ற பாடல் ஒன்று ஒலிக்கிறது. சிங்கப்பூரின் ஈசூனிலோ ஜூரோங்கிலோ தம் வீட்டில் விளையாடும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் அந்தக் காட்சியைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினால், அது வெளியாகும் முன்பே பதிப்புரிமைக் கோரல் வந்துவிடக்கூடும். விளையாட்டை அவர் முறையாக விலைகொடுத்தே வாங்கியிருப்பார். ஆனால், விளையாட்டு நிறுவனம் பாடலின் உரிமையாளர்களிடம் பெற்றது பெரும்பாலும் விளையாட்டுக்குள் அதை ஒலிக்கவைக்கும் அனுமதியை மட்டுமே. பிறருக்கு ஒளிபரப்பும் அனுமதி அதில் அடங்காது. பாடல் வரிக்கும் இசையமைப்புக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை, விளையாட்டின் காட்சிகளுக்கு இன்னோர் உரிமை என ஒரே காணொளியில் பலருடைய உரிமைகள் பின்னிக் கிடக்கின்றன.

யூடியூப் 2007இல் அறிமுகப்படுத்திய கன்டென்ட் ஐடி அமைப்பு, உரிமையாளர்கள் ஒப்படைத்த மூலப்பதிவுகளோடு புதிய காணொளி ஒவ்வொன்றையும் ஒப்பிடுகிறது. அதன் உள்நுணுக்கங்கள் முழுமையாக வெளியிடப்படவில்லை. எனினும், ஒலிக்கும் பாடலைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷசாம் செயலிக்காக, அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஏவரி வாங் 2003இல் விளக்கிய முறை, ஒலிக் கைரேகை என்பதன் அடிப்படையைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒலியை மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு கணத்திலும் எந்த அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கின்றன என்று கணினி பார்க்கிறது. ஓங்கிய புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. பிறகு புள்ளிகளை இரண்டிரண்டாக இணைத்து, அவற்றின் அதிர்வெண்களையும் இடையிலுள்ள நேரத்தையும் ஓர் எண்ணாகச் சுருக்குகிறது. துப்பாக்கிச் சத்தமும் விளையாடுபவரின் பேச்சும் பாட்டின்மேல் விழுந்தாலும் அந்தப் புள்ளிகளில் போதுமான அளவு தப்பிப் பிழைக்கின்றன. எண்கள் பல, மூலப்பதிவில் உள்ள அதே நேர வரிசையில் பொருந்தினால், இது இன்ன பாடல் என்று கணினி முடிவு செய்கிறது.

பொருத்தம் வேறு, உரிமை மீறல் வேறு. கணினியால் சொல்ல முடிவது முதலாவதை மட்டுமே. தியாகராஜர் 1847இல் மறைந்தார்; ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் சிங்கப்பூரில் அவருடைய கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் அதே கீர்த்தனையை அண்மையில் பதிவு செய்த நிறுவனத்திற்கு அந்த ஒலிப்பதிவின்மேல் தனி உரிமை உண்டு. மெட்டின் ஒற்றுமையையும் தேடும் கணினி, மாணவி ஒருவர் வீணையில் தாமே வாசித்ததை அந்தப் பதிவு என்று தவறாகக் கொள்ளலாம். அனுமதி பெறாமலே ஓரளவு எடுத்தாளச் சட்டம் இடந்தரும் நியாயமான பயன்பாட்டிலும் இதே சிக்கல்தான். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்தாண்ட அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு ஆகியவற்றை எடைபோடச் சொல்கிறது. அதற்கு மனிதத் தீர்ப்பு வேண்டும்.

கோரல் வந்தால் காணொளியைத் தடுப்பதா, விளம்பர வருவாயைத் தாம் எடுத்துக்கொள்வதா, கண்காணிப்பதோடு நிறுத்திக்கொள்வதா என்பதை உரிமையாளரே தேர்ந்தெடுக்கிறார். காணொளியை ஏற்றியவர் மறுப்புத் தெரிவித்தால் பதிலளிக்க உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம். பெரும்பாலான காணொளிகளுக்குப் பார்வையாளர்கள் திரளும் முதல் நாள்கள் அதற்குள் கடந்துவிடுகின்றன; சிறிய படைப்பாளர்களுக்கு இது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன். இத்தகைய கோரலைப் பதிப்புரிமை எச்சரிக்கையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லும்போது வருவதே எச்சரிக்கை. 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே முடக்கப்படலாம்.

நேரலையில் நெருக்கடி வேறு வகையானது. விளையாட்டு நேரலைகளுக்குப் பெயர்பெற்ற டுவிச் தளம் 2014 முதல், பாடல் சிக்கிய பழைய நேரலைப் பதிவுகளை அரைமணி நேரப் பகுதிகளாக ஒலியிழக்கச் செய்தது. 2020 அக்டோபரில் பலருடைய பதிவுகளை அழித்தேவிட்டது. அதனால் இப்போது பல விளையாட்டுகளில், உரிமம் பெற்ற பாடல்களை மட்டும் நிறுத்திவைக்கும் நேரலைத் தெரிவு இருக்கிறது. ஒளிபரப்பத் தொடங்கும் முன் அமைப்புகளில் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது. ஒளிபரப்பாமல் தனியாக விளையாடுபவரையும் உரிமச் சிக்கல் விடுவதில்லை: கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 விளையாட்டில், பாடல் உரிமங்கள் காலாவதியானதால் 2018இல் வந்த புதுப்பிப்பு, அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கியவர்களின் கணினிகளிலிருந்தும் அந்தப் பாடல்களை நீக்கியது.