ஏற்காட்டுக் காபி பூக்க மழை மட்டும் போதாது

சேர்வராயன் மலையில் மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால், எட்டுப் பத்து நாளில் காபித் தோட்டங்கள் வெள்ளையாகிவிடும். மழைதான் பூக்க வைத்தது என்று தோன்றும். ஆனால் பாதி வேலையை அதற்கு முன்பே வறட்சி முடித்திருக்கிறது.

இங்கே அதிகம் பயிராவது அரபிகா என்ற காபி இனம். அதன் பூமொட்டு இலைக்கணுவில் மாதக்கணக்கில் முன்பே உருவாகி, 4 முதல் 6 மி.மீ. வந்ததும் நின்றுவிடும். கிள்ளிப் பார்த்தால் விரலில் பிசின் ஒட்டும். உள்ளே இதழ், மகரந்தப்பை, சூல்பை எல்லாம் தயார். செல்கள் தண்ணீரை இழுத்து நீள வேண்டியதுதான் பாக்கி.

மண் காயாமல் இருந்தால் இந்த மொட்டு தூங்கிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் இலையின் நீரழுத்தம் (செடி எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதன் அளவு; கீழே இறங்க இறங்க வறட்சி அதிகம்) −0.8 மெகாபாஸ்கலுக்குக் கீழே இறங்கிய செடிகள்தாம் தண்ணீர் விட்டதும் பூத்தன என்று ஹவாயில் நடந்து 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது. காய்ந்த செடிக்குத் தண்ணீர் கிடைத்ததும் மொட்டில் வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரெல்லின் ஹார்மோன் கூடுகிறது. செல்சுவர் தளர, உள்ளே புகும் நீரின் அழுத்தம் செல்லை நீட்டுகிறது. சில நாளில் பச்சை மொட்டு வெளுத்து, மெழுகுவத்திபோல் நீண்டு நிற்கும். பிறகு ஒரு விடியலில் விரியும்.

ஆகவே குளிர்காலத்தில் அடிக்கடி லேசாகத் தண்ணீர் காட்டுவது செடிக்குச் செய்யும் உபகாரம் இல்லை. தூறலும் ஆபத்துதான். நன்றாகக் காய்ந்த மொட்டுகள் மட்டும் முந்திக்கொள்ளும், மற்றவை அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அறுவடையில் ஒரே கிளையில் பழமும் பச்சைக்காயும் சேர்ந்து நிற்கும்; பறிக்கும் சுற்றும் கூலியும் ஏறும், பச்சைக்காய் கலந்தால் சுவையும் கெடும். ஈரம் போதாமல் வெயிலும் கொளுத்தினால் இதழ் சிறுத்துப் பச்சையாக விறைத்த நட்சத்திரப் பூக்கள் வரும். அவை காய்க்காது.

மழை ஏமாற்றினால் ஸ்பிரிங்க்ளர் போடலாம், ஆனால் ஒரே தவணையில் குறைந்தது 25 மி.மீ. தேவை. ஏக்கருக்கு ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் தோட்டம் முழுக்க ஈரம் தெளிப்பதைவிட, ஒரு பகுதிக்கு முழுசாக விடுவதே மேல்.

அரபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும். இன்னொரு காபி இனமான ரோபஸ்டாவால் அது முடியாது. ஆனாலும் அரபிகாவின் பூ விரிந்த நாளில் அடைமழை பெய்தால் மகரந்தம் நனைந்து, பிஞ்சு பிடிப்பது குறையும். பூ வாடி மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த பிஞ்சும் கருகி உதிரும்.