12க்கு 18 இஞ்ச் பிரிண்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

போன வாரம் ராமநாதபுரத்தில் என் பிரிண்டிங் கடைக்குக் கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாணப் போட்டோ எடுப்பவர். வீட்டு நகையை அடகு வைத்து, ஒருவர் பயன்படுத்திய 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமராவை, அதாவது வழக்கத்தைவிடப் பெரிய சென்சார் உள்ளதை, வாங்கியிருந்தார். அதில் அரிச்சல்முனையில் அவுட்டோர் ஷூட் எடுத்து, ஆல்பமும் அடித்தாயிற்று. "முகமே தெளிவா இல்லையே" என்று மாப்பிள்ளை வீட்டார் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் இப்படி என்னிடம் வரும் மூன்றாவது ஆள் இவர். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

சென்சார், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சில்லு, பெரிது, அதனால் பிரிண்ட் தானாக நன்றாக வந்துவிடும் என்று நம்புகிறீர்கள். வராது தம்பி. கல்யாணத்துக்கு வழக்கமாக எடுக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். மீடியம் ஃபார்மட்டான ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் 43.8க்கு 32.9. பரப்பில் சுமார் 1.7 மடங்கு, அவ்வளவுதான். பழைய ஸ்டுடியோக்காரர்கள் 120 என்ற அகலமான ஃபிலிம் ரோலில் எடுத்த படங்களின் அழகைச் சொல்லி இதை விற்கிறார்கள். 6க்கு 6 என்று சொல்லும் அந்த நெகட்டிவ் 56 மில்லிமீட்டர் சதுரம். ஃபுல் ஃப்ரேம் அளவே உள்ள 35 எம்எம் ஃபிலிமைப் போல பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். இஞ்சுக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் ஃபைல் 6000க்கு 4000. அதாவது 20 இஞ்ச் அகலம். 12க்கு 18 பக்கம் அதற்குள் தாராளமாக அடங்கும், வடிவமும் அப்படியே பொருந்தும். மீடியம் ஃபார்மட் படம் 4:3 என்பதால் அதே பக்கத்துக்கு உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டி எறிய வேண்டும். ஒரே படத்தை 36 இஞ்சுக்கு விரித்தால் 24 மெகாபிக்சலில் இஞ்சுக்கு 167 புள்ளி, உங்கள் 50 மெகாபிக்சலில் 229. கையில் வைத்து உற்றுப் பார்த்தால் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் அதுவே 264! சுவரில் மாட்டி ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பவரின் கண்ணுக்கோ இஞ்சுக்கு 60 புள்ளியே போதும்.

100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் வீண் என்று சொல்லவில்லை. ட்ரைபாடில் வைத்து எடுத்த பட்டுச்சேலை ஜரிகையை 40 இஞ்சில் அடித்து, பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதன் அருமை தெரியும். அந்த வேலை உங்களுக்கு வருஷத்தில் எத்தனை முறை வருகிறது?

தம்பியின் ஃபைலைத் திறந்து பார்த்தேன். எஃப் 2.8, அதாவது லென்ஸ் துளையை அகலத் திறந்து எடுத்தது. பெண் முன்னால், மாப்பிள்ளை அரையடி பின்னால். ஒரே ஃப்ரேமிங், ஒரே எஃப் எண் என்றால் பெரிய சென்சாரில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், இன்னும் குறையும். மாப்பிள்ளையின் கண் ஃபோகஸில் இல்லாமல் மங்கிவிட்டது. கச்சான் காற்றில் சேலை படபடக்கும்போது ஷட்டர் விநாடியில் 125இல் ஒன்று, அந்த அசைவுக்குப் போதாது. போதாததற்கு லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர் முழுக்க உப்புப் படலம், கறுப்பெல்லாம் சாம்பலாகியிருந்தது. அன்றைக்கு அவருடைய உதவியாளர் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் எஃப் 5.6, 1000இல் ஒன்று என்று எடுத்த படங்களைத்தான் கடைசியில் அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

தனுஷ்கோடி, பாம்பன், குந்துகால், எங்கே எடுத்தாலும் அரை மணிக்கு ஒரு முறை ஃபில்டரைப் பாருங்கள். முதலில் ப்ளோயரால் மணலை ஊதுங்கள், அப்புறம்தான் துணி. மணலோடு தேய்த்தால் கண்ணாடி போச்சு. கடற்கரையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பாடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். பிரிண்டுக்கான படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், எத்தனை முறைதான் சொல்வது? பென்டிரைவில் கொண்டு வாருங்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ஃப்ரேமிங். இரண்டு கேமராவிலும் எடுத்து வாருங்கள். நீங்கள் கேட்கும் பெரிய அளவிலிருந்து 8க்கு 10 துண்டை மட்டும் வெட்டி, இரண்டையும் ஒரே பேப்பரில் அடித்துத் தருகிறேன். எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் வீட்டில் காட்டுங்கள், நகை யாருடையதோ அவரிடமே காட்டுங்கள். பேப்பருக்குக் காசு வேண்டாம்.