உத்தேச அமைச்சரவையை நம்பி வேலையை விடலாமா?

2024 நவம்பரில் ஒரு வாரம் முழுக்க என் வாட்ஸ்அப்புக்கு ஒரே மாதிரியான படம்தான் வந்துகொண்டிருந்தது. கட்டம் கட்டமாக முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு துறை, மேலே 'டிரம்ப்பின் உத்தேச அமைச்சரவை'. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒருவர், கே.ஆர். புரத்திலிருந்து ஒரு மாமியார்கூட அனுப்பினார். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, இவர் வந்தா நம்ம ஹெச்-1பி என்ன ஆகும்?"

பெங்களூரில் பதினெட்டு வருடமாக ஹெச்-1பி போன்ற அமெரிக்க வேலை விசாவுக்கான காகித வேலை பார்க்கிறேன். முதலில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில், இப்போது அல்சூரில் சொந்தமாக. நான் அமெரிக்க வக்கீல் இல்லை. மனு போடுவது அங்கே இருக்கிற வக்கீல்கள். அனுபவக் கடிதம், சம்பளச் சீட்டு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் திரட்டி ஒழுங்கு செய்வதும், சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போகிறவர்களைத் தயார் செய்வதும் என் வேலை. ஆனால் அமெரிக்கத் தேர்தல் வருடம் என்றால் கால்வாசி நேரம் ஜோசியராகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

யாருக்கு எந்த இலாகா என்று ஊகிப்பது நம் ரத்தத்தில் இருக்கிற விளையாட்டு. தமிழ்நாட்டில் முடிவு வந்த அன்று சாயங்காலமே டீக்கடையில் மந்திரிசபை தயாராகிவிடும். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். காரணம், அங்கே வட்டம் சின்னது. மந்திரி ஆகிறவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் ஆக வேண்டும். அதற்குள் மாவட்டக் கணக்கு, சமூகக் கணக்கு, கட்சியில் எத்தனை வருடம் என்ற கணக்கு. இந்த அறிவோடு அமெரிக்காவைப் பார்த்தால் கால் வழுக்கும். அங்கே விதி நேர் தலைகீழ்: நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சராக வேண்டுமென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மார்கோ ரூபியோ செனட் என்ற மேலவையின் உறுப்பினர் பதவியை விட்டுத்தான் வெளியுறவுத் துறைக்கு வந்தார். தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த பீட் ஹெக்செத் பாதுகாப்புத் துறைக்கு வந்தார். வெளியே இருக்கிற யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்றால் எதை வைத்து ஊகிப்பது?

2016 ஒரு நல்ல உதாரணம். வெளியுறவுத் துறைக்கு மிட் ராம்னி என்று பேச்சு. டிரம்ப்பும் அவரும் நியூயார்க்கில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட படம் உலகம் முழுக்க வந்தது. டிசம்பர் 13 அன்று அறிவித்த பெயர் ரெக்ஸ் டில்லர்சன், ஒரு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். அவரும் 2018 மார்ச்சில் வெளியே.

வேட்பாளர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. ஆதரவைப் பெறுவதற்காக ஒருவருக்குப் பதவி தருகிறேன் என்று வேட்பாளர் வாக்குக் கொடுப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2024 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் ஒரு பேட்டியில், என் அமைச்சரவையில் ஒரு குடியரசுக் கட்சிக்காரர் இருப்பார் என்று மட்டும் சொன்னார். பெயர் இல்லை, துறை இல்லை. அதை வைத்தே எனக்கு இரண்டு வாரம் பட்டியல்கள் வந்தன. அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்து உறவை நினைத்து, நம்மவர் யாருக்கு இடம் கிடைக்கும் என்று மர்ஃபி டவுனில் ஒரு பெரியவர் என்னோடு ஒரு மணி நேரம் பேசினார். அந்த அம்மா தோற்றுப்போனார், பட்டியல்கள் அப்படியே குப்பை.

சரி, பெயரை அறிவித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் செனட் என்ற வாசலைத் தாண்ட வேண்டும். நூறு பேர் கொண்ட சபையில் பெரும்பான்மை கிடைக்க வேண்டும். 1989இல் ஜான் டவரைப் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழிந்தபோது 53க்கு 47 என்று செனட் நிராகரித்தது. ஹெக்செத்துக்கு 2025 ஜனவரியில் 50க்கு 50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸ் தன் ஒரு ஓட்டைப் போட்டுக் காப்பாற்றினார். மேட் கேட்ஸ் கதை இன்னும் விசேஷம். 2024 நவம்பர் 13 அன்று அட்டர்னி ஜெனரல் (அங்கே நீதித் துறையின் அமைச்சர்) பதவிக்கு அறிவிப்பு, நவம்பர் 21 அன்று விலகல். எட்டு நாள். எங்கள் ஊரில் காலி செய்த வீட்டு ஓனரிடமிருந்து அட்வான்ஸ் திரும்பி வர அதைவிட அதிக நாள் ஆகும்.

இதையெல்லாம் நான் சமர்த்தாகச் சொல்வதுபோல் இருக்கும். நானே இதில் விழுந்தவள்தான்.

2015 மே மாதத்திலிருந்து, ஹெச்-1பிக்காரர்களின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் ஹெச்-4 விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ அங்கே வேலை செய்யலாம் என்று விதி வந்தது. 2016 நவம்பரில் ஜெஃப் செஷன்ஸ் அட்டர்னி ஜெனரல் ஆகிறார் என்ற அறிவிப்பு. குடியேற்றத்தை எதிர்ப்பதில் செனட்டில் பெயர் எடுத்தவர். நான் ஒரு கணக்குப் போட்டேன்: இந்த விதியை எதிர்த்து ஏற்கெனவே வழக்கு இருக்கிறது, அரசுத் தரப்பில் வாதாட வேண்டியது இவர் துறை, இவர் வாதாடவே மாட்டார், ஆகவே ஹெச்-4 வேலை அனுமதி கோவிந்தா. அந்த நேரம் கோரமங்களாவில் வங்கி வேலையில் இருந்த ஒரு பெண் வந்தாள். கணவர் நியூஜெர்சியில். "அக்கா, ராஜினாமா கொடுத்துட்டுக் கிளம்பட்டுமா?" வேண்டாம், அங்கே போய் சும்மா உட்கார வேண்டியிருக்கும் என்று சொன்னேன். 2017 கடைசியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் அந்த விதியை நீக்கப்போவதாகத் தன் திட்டப் பட்டியலில் போட்டது. பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

நீக்கவே இல்லை. முன்மொழிவாகக்கூட வெளியிடவில்லை. பட்டியலில் அப்படியே கிடந்தது, 2021 ஜனவரியில் பைடன் அரசு அதை எடுத்துக் கடாசியது. நான் யாரைப் பார்த்துப் பயந்தேனோ அந்த செஷன்ஸ் 2018 நவம்பரிலேயே டிரம்ப் கேட்டுக்கொண்டதால் ராஜினாமா செய்துவிட்டார். வேலை அனுமதி மட்டும் இருந்தது. அந்தப் பெண் மூன்று வருடம் இங்கே தனியாகக் குழந்தையை வளர்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு முறை புருஷனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள், என்னோடு இன்றும் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் அந்த மூன்று வருடத்தை நான்தான் தின்றேன் என்று எனக்குத் தெரியும்.

எங்கே தப்புச் செய்தேன்? ஆளைப் பார்த்தேன், அந்த விஷயம் யார் கையில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. வருடத்துக்கு 65,000 ஹெச்-1பி, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 என்பது நாடாளுமன்றம் போட்ட சட்டம். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பும் அப்படித்தான். நம் ஆட்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். எந்த அமைச்சர் வந்தாலும் ஒரு கையெழுத்தில் இதை மாற்ற முடியாது. ஹெச்-4 வேலை அனுமதி போன்றவை துறை போட்ட விதிகள். பொதுவாக, மாற்ற வேண்டுமென்றால் முன்மொழிவை வெளியிட்டு, மக்கள் கருத்துக் கேட்டு, இறுதி செய்ய வேண்டும், அதற்குப் பிறகு நீதிமன்றம் இருக்கிறது. 2020 அக்டோபரில் கருத்துக் கேட்காமல் அவசரமாகக் கொண்டுவந்த இரண்டு ஹெச்-1பி விதிகளை அதே டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றம் ரத்து செய்தது.

உண்மையில் நாம் பயப்பட வேண்டியது மூன்றாவது வகை: அதிபரின் பிரகடனம். 2020 ஜூன் 22 அன்று புதிய ஹெச்-1பிக்காரர்கள் உள்ளே வருவதை நிறுத்தியது அப்படி ஒன்று. 2025 செப்டம்பர் 19 அன்று ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்ததும் அப்படித்தான். அன்று அதிபர் பக்கத்தில் நின்று, வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று சொன்னவர் யார்? வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக். ஹெச்-1பி மனுவைப் பரிசீலிப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, சம்பளக் கணக்கைப் பார்ப்பது தொழிலாளர் துறை, விசா முத்திரை குத்துவது வெளியுறவுத் துறை. வர்த்தகத் துறைக்கு இந்த வரிசையில் வேலையே கிடையாது. எனக்கு வந்த அத்தனை பட்டியல்களிலும் லட்னிக் பெயரைப் பார்த்து விசாவுக்காகப் பயந்தவர் ஒருவர்கூட இல்லை. நிதித் துறைக்கு வருவாரா மாட்டாரா என்றுதான் அவரைப் பற்றிப் பேச்சு.

மறுநாளே வெள்ளை மாளிகை, இது வருடா வருடம் இல்லை, ஒரு முறைதான், புதிய மனுக்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் சொன்னது. அந்த இடைவெளியில் நடந்ததுதான் கொடுமை. அப்பாவுக்குத் திதி கொடுக்க ஓசூர் வந்திருந்தார் என் வாடிக்கையாளர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. சனிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து உடனே திரும்பி வா என்று மெயில். இருந்த சேமிப்பைப் போட்டு டிக்கெட் எடுத்து அன்றிரவே தேவனஹள்ளி விமான நிலையத்தில் நின்றார். அவர் பழைய விசாக்காரர், அந்தக் கட்டணம் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. திதியைத் தம்பி கொடுத்தான்.

இன்னொன்று. குடியேற்ற விஷயத்தில் அதிக செல்வாக்கு உள்ளவர்கள் பல நேரம் அமைச்சரவையிலேயே இருப்பதில்லை. ஸ்டீஃபன் மில்லர் வெள்ளை மாளிகையின் துணைத் தலைமை அலுவலர், டாம் ஹோமன் எல்லை விவகாரப் பொறுப்பாளர். இவர்களுக்கு செனட் ஒப்புதல் தேவையில்லை, உத்தேசப் பட்டியலில் கட்டமும் கிடையாது. 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஆலோசகரானபோது, எங்கள் குடியிருப்புக் குழுவில் 'தமிழர் அமைச்சரானார்' என்று போட்டு மாலைபோட்ட படமும் வைத்தார்கள். அமைச்சர் இல்லை, ஆலோசகர். அந்த நியமனத்தை ஒட்டி டிரம்ப் ஆதரவாளர்களுக்குள்ளேயே ஹெச்-1பி வேண்டுமா வேண்டாமா என்று பெரிய சண்டை கிளம்பியது. நம்மவர் வந்தால் நமக்கு நல்லது என்ற கணக்கும் அவ்வளவு சுலபமில்லை.

அமைச்சர் யார் என்பது முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு முறை அதுவே எல்லாமாகவும் இருந்தது. அதிக சம்பளத்துக்கு முன்னுரிமை கொடுத்து ஹெச்-1பி தேர்வை மாற்றும் விதி 2021 ஜனவரியில் வந்தது. செப்டம்பரில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. என்ன காரணம் தெரியுமா? உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தற்காலிக அமைச்சராக இருந்த சாட் வுல்ஃப் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே சட்டப்படி செல்லாது. செனட் அவரை அந்தப் பதவிக்கு ஒப்புக்கொண்டதே இல்லை. இதை எந்த உத்தேசப் பட்டியல் சொல்லியிருக்கும்? 2025 செப்டம்பரில் அதே யோசனை மறுபடியும் முன்மொழிவாக வந்தது என்பது வேறு கதை.

ஊகத்தைக் காசாக்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். 2024 டிசம்பரில் ஒரு தம்பி வந்தான், ஊர் ராஜபாளையம் பக்கம். ஓர் ஏஜென்ட் அவனிடம் ஒரு படத்தைக் காட்டி, டிரம்ப் பதவியேற்கும் ஜனவரி 20க்கு அப்புறம் இந்த ஆள் வந்தால் கதவை மூடிவிடுவார், அதற்குள் 'ஸ்லாட்' போட்டு வைக்க வேண்டும் என்று மூன்றரை லட்சம் கேட்டிருக்கிறான். ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் வருகிறான். ஹெச்-1பிக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, வேலை தரும் அமெரிக்க நிறுவனம்தான் பதிவு செய்யும். அந்தப் பதிவும் மார்ச்சில்தான் திறக்கும். டிசம்பரில் போட்டு வைக்க ஸ்லாட் என்று ஒன்று கிடையாது. மனுவோடு நிறுவனம் கட்ட வேண்டிய பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடம் வசூலிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பணம் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம், அவ்வளவுதான். புது அமைச்சர் பெயரைச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நான் இப்போது செய்வது சலிப்பூட்டும் வேலைதான். பெயர் வந்தால் குறித்துக்கொள்கிறேன். செனட் விசாரணையில் நம் விஷயமாக என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார் என்று பார்க்கிறேன். மற்றபடி பெடரல் ரெஜிஸ்டர் என்ற அவர்களுடைய அரசிதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வராத விதி என்னைப் பொறுத்தவரை வதந்தி. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஐ-797 என்ற மனு ஒப்புதல் தாள், அங்கே எந்த நாள் வரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவின் தேதி, பாஸ்போர்ட் முடியும் தேதி. பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் விமான நிலையத்தில் ஐ-94ஐயும் அந்தத் தேதியோடு நிறுத்திவிடலாம், ஒப்புதல் தாளில் இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும். இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு.

போன மாதம் அந்த மர்ஃபி டவுன் பெரியவர் மறுபடி கூப்பிட்டார். பையன் இப்போது டல்லாஸில்.

"ஏம்மா, 2028ல வான்ஸ் நின்னா யாரை யாரைப் போடுவாருன்னு ஒரு லிஸ்ட் வந்திருக்கு. அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க ஐயா. தம்பி பாஸ்போர்ட் எப்ப முடியுது?"

"அது... இரும்மா, அவன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. லிஸ்ட் மட்டும் வந்துவிட்டது.