மழைக்கு அடைப்பது வேறு, வாயுவுக்கு அடைப்பது வேறு

கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூருக்குப் பெட்ரோலியக் குழாய் போவது பாலக்காட்டுக் கணவாய் வழியேதான். இயற்கை எரிவாயுக் குழாயும் கூட்டநாட்டிலிருந்து வாளையார் வரை வந்திருக்கிறது. குழாயில் ஓடும் அளவைக் காட்டும் ஓட்டமானிகளைச் சரிபார்ப்பதற்கென்றே கஞ்சிக்கோட்டில் ஒரு மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. குழாயோ, தொட்டியோ, சிஎன்ஜி நிலையமோ, எதுவானாலும் உள்ளே நடப்பதை அறியச் சென்சார் வேண்டும். சென்சார் வைக்க வேண்டுமானால் சுவரில் ஓட்டை போட வேண்டும். மின்கம்பி வெளியே வர இன்னொரு ஓட்டையும் தேவை. இந்த ஓட்டைகளை எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் உயிர்களின் பாதுகாப்பு இருக்கிறது.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஊரில் 'அடைப்பது' என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். சென்சாரின் மின்பகுதி இருக்கும் பெட்டியில் ஐபி 67 என்று பொறித்திருந்தால் மனம் நிம்மதியாகிவிடுகிறது. அந்த எண்ணுக்குப் பொருள், தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கேடு வராது என்பதுதான். எரியும் வாயுவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை மிக ஆபத்தான தவறாகக் கருதுகிறேன்.

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். பற்றவைக்க 0.28 மில்லிஜூல் ஆற்றல் போதும். ஹைட்ரஜனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் ஒரு ரிலே திறக்கும்போது தெறிக்கும் பொறியில் இதைவிட அதிக ஆற்றல் இருக்கக்கூடும்.

அப்படியானால் வாயு நுழையவே முடியாதபடி பெட்டியை இறுக மூடிவிடலாமே என்று தோன்றும். நடைமுறையில் அது நிலைக்காது. மே மாத வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டியின் மேல் திடீரென்று மழை கொட்டினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுற்றிலும் இருப்பதைக் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கும். ஆகவே 'ஃப்ளேம்ப்ரூஃப்' பெட்டியை வடிவமைப்பவர்கள் வாயு உள்ளே வரும், வெடிக்கவும் செய்யும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். பெட்டி அந்த வெடிப்பைத் தாங்க வேண்டும். சுடர் வெளியே வரக் கூடாது. மூடியும் உடலும் சேரும் இடத்தில் உலோகத்தோடு உலோகம் ஒட்டிய நீண்ட, மிகக் குறுகிய இடைவெளி விடப்படுகிறது. வெடித்த வாயு அதன் வழியே வெளியேறும்போது சுற்றியுள்ள உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. மீறி வரும் சூடான வாயுவும் வெளிக்காற்றோடு கலந்து குளிர்ந்துவிடுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சுரங்கப் பகுதியில் கார்ல் பைலிங் செய்த சோதனைகள் இந்த முறைக்கு அடித்தளமிட்டன. 25 மில்லிமீட்டர் நீளமுள்ள இடுக்கில், மீத்தேன் சுடர் வெளியே பரவாமல் நிற்கும் மிகப் பெரிய இடைவெளி 1.14 மில்லிமீட்டர். எத்திலீனுக்கு அது 0.65, ஹைட்ரஜனுக்கு 0.29 மட்டுமே. வாயுக்களை வகை பிரித்து, அதற்கேற்ற பெட்டியைக் கேட்பது இதனால்தான். அந்த இடுக்கில் பெயின்ட் பூசுவதோ, மழைக்குப் பயந்து சிலிகோன் பசையை அப்புவதோ கூடாது. துரு பிடிக்காமலிருக்க, உறையாத வகைக் கிரீஸ் தடவலாம்.

அடுத்தது கம்பி வெளியேறும் வாய். அமெரிக்க முறையில் கம்பிகள் இரும்புக் குழாய்க்குள் ஓடும். பெட்டியில் கிளம்பும் சுடர் அந்தக் குழாய்க்குள் ஓடினால் தனக்கு முன்னால் இருக்கும் வாயுவை அழுத்திக்கொண்டே போகும். ஏற்கெனவே அழுத்தப்பட்ட வாயு அடுத்த பெட்டியில் வெடிக்கும்போது அதன் அழுத்தம் பல மடங்காகும், பெட்டி பிளந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் பெட்டியிலிருந்து 450 மில்லிமீட்டருக்குள் கம்பவுண்ட் எனப்படும் இறுகும் கலவையை ஊற்றிக் குழாயை அடைக்கச் சொல்கிறார்கள். நம் பக்கம் பெரும்பாலும் உலோகக் கவசமிட்ட ஆர்மர்டு கேபிளும், அது பெட்டிக்குள் நுழையும் வாயில் இறுக்கிப் பிடிக்கும் டபுள் கம்ப்ரஷன் கிளாண்டும்தான். கிளாண்ட் கேபிளின் மேலுறையைச் சுற்றி இறுக்குகிறது. உறைக்குள் கம்பி இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அது தொடுவதே இல்லை. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அந்த இழைகள் திரவத்தையும் வாயுவையும் தொலைவுக்குக் கொண்டுபோகும். தேவைப்படும் இடத்தில் ஒவ்வொரு கம்பியையும் பிரித்து, சுற்றிலும் ரெசின் நிரப்பும் பேரியர் கிளாண்ட் போட வேண்டும்.

மிகக் குறைவாகப் பேசப்படுவது எரிவாயு இருக்கும் பக்கத்து அடைப்பு, அதாவது சென்சார் வைத்த ஓட்டையின் அடைப்பு. சிஎன்ஜி நிலையத்தின் சேமிப்பு உருளைகளில் அழுத்தம் 250 பார் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 250 மடங்கு வரை இருக்கும். அதற்கும் அழுத்தமானியின் மின்பகுதிக்கும் நடுவே நிற்பது டயஃப்ரம் எனப்படும் மெல்லிய உலோகத் தகடு. அது விரிசல் விட்டால் வாயு சென்சாரின் உடலுக்குள் பாய்ந்து, கேபிள் வழியே கட்டுப்பாட்டு அறையை நோக்கிக் கிளம்பும். அந்த அறையில் இருப்பவை சாதாரண சுவிட்சுகளும் கணினிகளும்தான். கம்பிக் குழாயில் ஊற்றிய கம்பவுண்டை நம்பியும் பயனில்லை. அது சில அங்குல நீரழுத்தத்தில் கசிவைக் குறைக்கச் செய்யப்பட்டது, 250 பாரை நிறுத்த அல்ல. பொறியே உண்டாகாதபடி மின்னாற்றலைக் குறைத்து வடிவமைத்த சென்சாராக இருந்தாலும் இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. வாயு பற்றப்போவது சென்சாரில் அல்லவே.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒற்றை அடைப்பையே பன்மடங்கு அழுத்தத்துக்கும் மீண்டும் மீண்டும் வரும் அழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் உட்படுத்திச் சோதித்து, சான்று பெறலாம். அல்லது இரட்டை அடைப்பு வைக்கலாம்: முதலாவது உடைந்தால் இரண்டாவது தாங்கும், நடுவில் கசிந்த வாயு ஒரு துளை வழியே வெளியேறி, கண்ணுக்கோ காதுக்கோ கருவிக்கோ தெரியும்படி அறிவிக்கும். அறிவிக்கும் அந்தத் துளை மிக முக்கியமானது. அது இல்லாவிட்டால் முதல் அடைப்பு போனதே தெரியாமல் வருடக்கணக்கில் ஒற்றை அடைப்பை நம்பி நிலையம் ஓடிக்கொண்டிருக்கும். பராமரிப்புக்கு வருபவர்கள் அதைக் கசிவு என்று எண்ணி எம்-சீல் வைத்து மூடிவிடக் கூடாது.

இந்தியாவில் இத்தகைய கருவிகளுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் வழங்குகிறது. ஒப்புதல் கருவிக்குத்தான். கிளாண்டை இறுக்குவதும் ரெசினை ஊற்றுவதும், கோவையிலிருந்தோ கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியனின் கை. சென்சாரின் அளவை மின்குறியாக அனுப்பும் பல டிரான்ஸ்மிட்டர்களில் கேபிளுக்கு இரண்டு வாய்கள் இருக்கும்; ஒன்றைத்தான் பயன்படுத்துவோம். மற்றதில் தொழிற்சாலையிலிருந்தே வரும் பிளாஸ்டிக் மூடி, வழியில் தூசி விழாமலிருக்கப் போட்டது. அதைக் கழற்றிவிட்டு, அந்தப் பெட்டியின் வகைக்கே சான்று பெற்ற உலோக அடைப்பானை, சொல்லப்பட்ட அளவு மரைகள் பிடிக்கும்வரை திருகி இறுக்க வேண்டும்.