மழை பெய்தால் பேய் வராது

தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் அக்கா வீட்டில் பிள்ளைகள் ஒரு பேய்ப்படம் பார்த்தார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று, லயத்து வீடு, தகரக் கூரை. மழை இறங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. படத்தில் பேய் வந்தது, கழுத்தைத் திருப்பியது, சுவரில் ஏறியது. பிள்ளைகள் கடலையைக் கொறித்தபடி சிரித்தார்கள். "படம் சரியில்லை மாமா" என்று பாதியிலேயே நிறுத்தியும் விட்டார்கள். இரண்டு நாள் கழித்து மழை விட்டது. அதே படம், அதே காட்சி. இந்த முறை சின்னவன் போர்வைக்குள் போய்விட்டான். பன்னிரண்டு வயது மூத்தவள் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

பேய் மாறவில்லை. முதல் நாள் மழை மூடிவிட்டது இசையைத்தான்.

தகரத்தில் விழும் மழையில் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலி வரை எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும். உட்காதின் நத்தைச் சுருளில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒவ்வோர் இடம் உண்டு. மழை அத்தனை இடத்தையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வதால், படத்திலிருந்து வரும் மெல்லிய ஒலிக்கு இடமே கிடைப்பதில்லை. கிரீச்சிடும் கதவு, அடியில் ஓடும் முனகல் எல்லாம் அமுங்கிப்போகும். எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு, அமைதி. மழைக்குள் அமைதி என்று ஒன்று கிடையாதே.

சரி, அந்த இசையில் அப்படி என்னதான் இருக்கிறது?

1960இல் வந்த 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து இசையமைத்தார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பிறகு மனதை மாற்றிக்கொண்டார். அந்தக் காட்சியில் வயலின்கள் உச்சத்தில் கீறிக் கீறி இழுக்கின்றன. வயலின் வில்லின் மயிரில் ரோசின் என்ற மரப்பிசின் தடவியிருப்பார்கள். அது தந்தியைப் பிடித்து இழுக்கும், நழுவவிடும், மறுபடி பிடிக்கும். இந்தப் பிடியும் நழுவலும் ஒழுங்காக நடந்தால் இனிமையான நாதம். வில்லை அளவுக்கு மீறி அழுத்தினால் ஒழுங்கு கெட்டுக் கரகரக்கும்.

நம் தொண்டையிலும் இதே கதைதான். சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் சீராக அதிர்கின்றன. உயிர்ப்பயத்தில் நுரையீரல் முழுப் பலத்தோடு காற்றைத் தள்ளும்போது அந்தச் சீர் குலைந்துவிடும். தேர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் பாட்டு பிளந்து கேட்குமே, அந்த மாதிரி. அமெரிக்காவில் மர்மொட் என்ற மலை அணிலின் ஆபத்துக் குரல்களை ஆராய்ந்துவந்த டேனியல் புளும்ஸ்டைன், திரைப்படங்களிலும் இந்தக் கரகரப்பைத் தேடிப் பார்த்தார். 102 படங்களின் ஒலியை அவரது குழு அலசி 2010இல் முடிவுகளை வெளியிட்டது. திகில் காட்சிகளில் இப்படிப் பிளந்த, ஒழுங்கற்ற ஒலிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. விலங்கின் அலறலைத்தான் இசையமைப்பாளர்கள், பல நேரம் தெரியாமலே, வாத்தியத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

2015இல் மூளை ஆய்வாளர் லுக் ஆர்னலும் சகாக்களும் அலறலுக்குள் இன்னும் ஆழமாகப் போனார்கள். அலறலில் ஒலியின் பலம் செக்கனுக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் அசைக்கு அசை நடப்பது, செக்கனுக்கு நாலைந்து தடவைதான். அலறலின் அந்த வேகமான துடிப்பைப் பேச்சு ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆபத்துக்கென்றே ஒதுக்கிவைத்தது போல. அதைக் கேட்டதும் மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டாலா விழித்துக்கொள்கிறது. எச்சரிக்கை அலாரங்களிலும் இதே துடிப்பு உண்டு.

இந்தத் துடிப்பை வீட்டிலேயே உண்டாக்கலாம். இரண்டு தந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று செக்கனுக்கு 440 தடவை அதிரட்டும், மற்றது 445. இரண்டையும் சேர்த்து மீட்டினால் செக்கனுக்கு ஐந்து தடவை 'ஊங் ஊங்' என்று அலையடிக்கும். அது கேட்க நன்றாகவே இருக்கும். இரண்டாவதை 470க்கு ஏற்றுங்கள். இப்போது செக்கனுக்கு 30 அலை. காது அதைத் தனித்தனி அலையாக எண்ண முடியாமல், சொரசொரப்பாக உணரும். பேய்ப்பட இசையில் அடுத்தடுத்த சுரங்களை நெருக்கி அடுக்குவது இந்தச் சொரசொரப்புக்காகத்தான்.

தமிழில் ஆந்தை கூவுகிறது என்று சொல்வது வழக்கமில்லை, அலறுகிறது என்கிறோம். மனுசருக்கும் ஆந்தைக்கும் ஒரே வினைச்சொல். இலங்கைக் காடுகளில் ராத்திரியில் ஒரு பெண் கதறுவது போலக் கேட்கும் குரலைச் சிங்களத்தில் 'உலமா' என்பார்கள். கேட்டவர் வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கையும் உண்டு. அது ஒரு பெரிய காட்டு ஆந்தையின் குரல் என்பதுதான் பரவலான கருத்து. அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அந்தக் குரல் கேட்டதும் மயிர் கூச்செறிவது மூடநம்பிக்கையால் அல்ல. பயம் முதலில் வந்தது, கதை அப்புறம் சேர்ந்தது.

அடுத்தது திடீர்ச் சத்தம். கதவைத் திறந்தால் பூனை, கூடவே 'டமார்' என்று ஒரு இடி. காதுக்குள் நுழைந்த பெருஞ்சத்தம் மூளைத்தண்டிலிருந்தே தசைகளுக்குப் போய்விடுகிறது. யோசிக்கும் பகுதி என்னவென்று புரிந்துகொள்ளும் முன், 50 மில்லிசெக்கனுக்குள் கண் இமைக்கத் தொடங்கிவிடும், அடுத்த கணம் தோளும் சுருங்கும். யாரையும் இப்படித் துள்ள வைக்கலாம். முதுகுக்குப் பின்னால் காகிதப் பையை ஊதி உடைத்தாலும் போதும். அதனால், சத்தத்தை மட்டுமே நம்பும் படங்களை என்னால் மெச்ச முடியவில்லை. ஏற்கனவே பயந்திருப்பவர் இன்னும் பலமாகத் துள்ளுவார் என்பதும் ஆய்வுகளில் உறுதியான விஷயம். அமிக்டாலா அந்த மூளைத்தண்டுப் பாதையைத் தூண்டி வைத்துவிடுகிறது. அப்படியென்றால் இசையமைப்பாளரின் நிஜமான வேலை இடிக்கு முந்தின இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. ஒரே தாழ்ந்த சுரத்தைப் பிடித்து நிறுத்துவது, பிறகு அதையும் மெல்ல எடுத்துவிடுவது. காது வெறும் இருட்டில் எதையோ தேடத் தொடங்கும். எங்கள் வீட்டில் மழை குலைத்தது இந்த இரண்டு நிமிடத்தைத்தான். 'டமார்' முதல் நாளும் கேட்கத்தான் செய்தது. யாரும் துள்ளவில்லை.

கினிகத்தேனைப் பக்கம் பனிமூட்டத்தில் பாதையோரம் நடந்திருந்தால் இன்னொரு விஷயம் புரியும். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. லொறி ஒன்று ஏறி வருகிறது. கண்ணுக்கு இல்லை, காதுக்கு மட்டும். சத்தம் கூடக் கூட, அது இருப்பதைவிடக் கிட்ட வந்துவிட்டதாகத் தோன்றி வடிகானுக்குள் இறங்கி நின்றுவிடுவோம். தேய்ந்து போகும் ஒலியைவிட ஏறி வரும் ஒலியின் மாற்றத்தைக் காது கூட்டி மதிப்பிடும் என்பது 1990களிலேயே காட்டப்பட்டது. முன்கூட்டியே ஒதுங்கியவன் பிழைத்தான், அந்தத் தப்புக்கணக்கு நமக்கும் வந்து சேர்ந்தது. 1975இல் 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தில் இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸ் செய்தது இவ்வளவுதான். அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்த சுரங்கள். முதலில் இடைவெளி விட்டு, பிறகு நெருங்கி, வேகமாகி, பெரிதாகி. சுறாவைக் காட்டவே வேண்டியதில்லை.

எல்லாப் பயமும் பிறவியோடு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் தப்பு என்ற தோல் பறையை அடிப்பவர்கள் முதலில் அதை நெருப்பில் காய்ச்சுவார்கள். மலை ஈரத்தில் தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்று செத்த சத்தம்தான் வரும். சூட்டில் ஈரம் போய்த் தோல் விறைக்க, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார்கள், நாதம் தெறித்து மேலே ஏறும். அந்த ஒரே தப்புதான் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, ஆளைக் கூப்பிட்டது, காமன் கூத்தில் ஆட வைப்பது, சாவு வீட்டுக்கு ஊரைத் திரட்டுவது. அடுத்த மலையிலிருந்து சாவு அடி காற்றில் வந்தால் தேயிலை மலையில் நிற்கிறவர்களின் கை ஒரு கணம் நிற்கும். வெளியூர்க்காரருக்கு அது வெறும் தாளம்.

இதே காரணத்தால், மேற்கத்தியர் 'சாத்தானின் இடைவெளி' என்று பெயர் வைத்த சுர ஜோடி கேட்டாலே பயமூட்டும் என்ற பெரும் பேச்சை நான் நம்புவதில்லை. அது நமக்கு சட்ஜமும் பிரதி மத்திமமும். கல்யாணி ராகத்தில் நாதஸ்வரக்காரர் அந்த மத்திமத்தில் நின்று உருகும்போது கல்யாண வீட்டில் யாரும் பயந்து ஓடுவதில்லை. சொரசொரப்பு உடம்பைத் தொடுகிறது. இடைவெளியின் அர்த்தம் பழக்கத்தில் வருகிறது.

மூத்தவள் அடுத்த நாள் ஒரு கேள்வி கேட்டாள். "எந்த இடத்தில் சத்தம் வரும் என்று தெரிந்துதானே பார்த்தேன் மாமா, அப்படியும் ஏன் துள்ளினேன்?" அந்த மூளைத்தண்டுப் பாதை நினைவைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை, திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டும் தணியும் என்றேன். நம்பவில்லை. அந்தக் காட்சியை மட்டும் தொடர்ந்து போட்டுப் பார்த்தோம். இரண்டாம் தடவை தோள் லேசாக ஆடியது. ஐந்தாம் தடவை தோளும் கையும் அசையவே இல்லை. 'டமார்' வந்த கணத்தில் கண் மட்டும் இமைத்தது. அந்த இமைப்பு கடைசி வரை எளிதில் போகாது. அவள் அதைத் தம்பியின் கண்ணில் பார்ப்பதற்காக ஆறாம் தடவை போடச் சொன்னாள்.