பல்லுக்கு ‘நூறு சதவீதம்’: ரெயூனியனில் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது

எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் சாயங்காலம் நான்காக மடித்த காகிதம் ஒன்றோடு வந்தார். புதுச்சேரியில் பிறந்தவர், ரெயூனியன் தீவின் சென்-ஆந்த்ரே ஊரில் நாற்பது வருஷமாக இருக்கிறார். மேல்வரிசையில் நான்கு பல் மிச்சம், கீழ்வரிசையில் ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்தது பல் டாக்டர் கொடுத்த துவி, அதாவது செலவு மதிப்பீட்டுக் காகிதம். அடியில் போட்டிருந்த தொகையை விரலால் காட்டி, “டிவியில பல்லுக்கு நூத்துக்கு நூறுன்னு சொன்னாங்களே, ஏம்மா இதுல இவ்வளவு போட்டிருக்கு? என் சர்க்கரைக் காகிதத்துலயும் நூறுன்னுதானே இருக்கு?” என்று கேட்டார்.

பெரியம்மாவின் குழப்பம் அவருக்கு மட்டும் உரியது இல்லை. கோயிலில், கடைத்தெருவில், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் இடத்தில் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். காரணம் எளிது. நம் கையில் இருக்கும் காகிதங்களிலும் டிவியிலுமாக ‘நூறு சதவீதம்’ மூன்று இடத்தில் வருகிறது, மூன்றுக்கும் அர்த்தம் வேறு. அதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் இம்ப்ளான்டுக்கு ஏன் பணம் வருவதில்லை, பல்செட்டுக்கு ஏன் வருகிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் இம்ப்ளான்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு ஒன்று, அதன் தலையில் பொருத்தும் சின்னத் தூண் ஒன்று, மேலே பல் மாதிரி தெரியும் கேப் ஒன்று. மூன்றும் சேர்ந்ததுதான் நாம் சொல்லும் இம்ப்ளான்ட் பல். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்ந்துவிடும் என்பதை ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல் எலும்பில் கவனித்தார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். எலும்பு தேய்ந்திருந்தால் அதற்கு முன்னாலேயே எலும்பு வைக்கும் வேலையும் சேரும். பக்கத்துப் பற்களைத் தேய்க்க வேண்டியதில்லை, கடிக்க உறுதியாக இருக்கும், கழற்றி மாட்ட வேண்டாம். நல்ல வைத்தியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பல்லுக்கு எல்லாம் சேர்த்து ஆயிரம் யூரோவைத் தாண்டாத துவி எதையும் நான் இங்கே பார்த்ததில்லை.

சரி, செக்யூ, அதாவது அரசின் மருத்துவக் காப்பீடு, என்ன தரும்? ரெயூனியன் பிரான்சின் மாவட்டம் என்பதால் பாரிஸில் உள்ள அதே சட்டம்தான் இங்கேயும். நமக்கு அதை நடத்துவது செ.ஜெ.எஸ்.எஸ். என்ற சமூகப் பாதுகாப்பு அலுவலகம். செக்யூ ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஓர் அடிப்படைக் கட்டணம் வைத்திருக்கிறது. டாக்டர் எவ்வளவு வாங்கினாலும் கணக்கு அந்த அடிப்படைக் கட்டணத்தை வைத்துத்தான். பல் வைத்தியத்தில் அதன் 60 சதவீதத்தைத் தரும். 2023 அக்டோபர் நடுவரைக்கும் 70 ஆக இருந்தது, அப்புறம் குறைத்துவிட்டார்கள். இம்ப்ளான்ட் திருகுக்கும் அதன் தூணுக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அடிப்படைக் கட்டணம் இல்லாததால் செக்யூவிலிருந்து ஒரு சென்ட்டும் வராது. மேலே வைக்கும் கேப் மட்டும் பட்டியலில் இருப்பதால் அதற்கு ஒரு சிறு தொகை கிடைக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அரிய நோயால் பிறவியிலேயே நிரந்தரப் பற்கள் முளைக்காமல் போனவர்களுக்கு, ஞானப்பல்லைத் தவிர்த்து ஆறு பல்லாவது இல்லாமல் இருந்தால், செக்யூ முன் அனுமதியோடு இம்ப்ளான்டுக்குப் பணம் தரும். வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே டாக்டரிடம் இதைக் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது அந்த மூன்று நூறுகளுக்கு வருவோம்.

பெரியம்மாவின் சர்க்கரைக் காகிதத்தில் இருக்கும் நூறு, ஆ.எல்.தே. என்ற நீண்டகால நோய்க்கான நூறு. சர்க்கரை நோய்க்கான மருந்து, ரத்தப் பரிசோதனை, டாக்டர் கட்டணம் ஆகியவற்றுக்கு அடிப்படைக் கட்டணத்தை முழுசாகத் தருவார்கள் என்பதுதான் அதன் பொருள். அது பல்செட்டுக்கும் கேப்புக்கும் பொருந்தாது. பல பேர் கார்த் வித்தாலை, அதாவது செக்யூவின் பச்சை அட்டையை, நீட்டிவிட்டு ‘நான் நூறு சதவீதம்’ என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் பில் வரும்போது கண் கலங்குகிறார்கள். அந்தக் காட்சி எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசைப் பிசைகிறது.

ஆனால் அதே காகிதத்தால் ஒரு நன்மை உண்டு, அது பலருக்குத் தெரியாது. சர்க்கரை நோய்க்கு ஆ.எல்.தே. இருப்பவர்களுக்கு ஈறு பரிசோதனையும் ஈறுக்கு அடியில் செய்யும் ஆழமான சுத்தமும் 2019 முதல் செக்யூ பட்டியலில் இருக்கின்றன. ரெயூனியனில் சர்க்கரை நோய் பெருநிலப் பிரான்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு வீங்கும், பல் ஆடும், விழும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். பல் விழுந்த பிறகு இம்ப்ளான்டுக்குப் பணம் தேடுவதைவிட, விழாமல் இருக்க இந்த உரிமையைப் பயன்படுத்துவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, மியூத்துவேல், அதாவது செக்யூவுக்கு மேல் எடுக்கும் துணைக் காப்பீடு, அதன் அட்டையில் எழுதியிருக்கும் 100, 200, 300 சதவீதம். இதுவும் டாக்டர் கேட்கும் தொகையின் சதவீதம் இல்லை, செக்யூவின் அடிப்படைக் கட்டணத்தின் சதவீதம். ஒரு பேச்சுக்கு அடிப்படைக் கட்டணம் 100 யூரோ, டாக்டர் கேட்பது 500 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்யூ 60 தரும். அட்டையில் 200 சதவீதம் என்றால் செக்யூ தருவதையும் சேர்த்து மொத்தம் 200 யூரோ. மிச்சம் 300 நம் பையிலிருந்துதான். இம்ப்ளான்ட் திருகுக்கு அடிப்படைக் கட்டணம் பூஜ்யம் என்று பார்த்தோம். பூஜ்யத்தில் 200 சதவீதமும் பூஜ்யம், 400 சதவீதமும் பூஜ்யம்.

அதனால் இம்ப்ளான்டுக்கு என்று மியூத்துவேல் ஏதாவது தருமா என்று பார்க்க, சதவீத வரிசையைப் பார்க்கக் கூடாது. ‘ஃபோர்ஃபெ’ என்று எழுதி, வருஷத்துக்கு இத்தனை யூரோ என்று நேரான தொகையாகப் போட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். அது ஒரு வருஷத்துக்கு ஒரு இம்ப்ளான்டுக்கு மட்டுமா, சேர்ந்த முதல் சில மாதங்களுக்கு ஒன்றும் கிடையாதா என்பதையும் கூடவே கேளுங்கள். பிடிக்காத மியூத்துவேலைச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்ற விதி 2020 டிசம்பர் முதல் இருக்கிறது. தனியார் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு 2016 முதல் முதலாளியே மியூத்துவேல் ஏற்பாடு செய்து, சந்தாவில் பாதியாவது கட்ட வேண்டும். ஓய்வு பெற்றவர்கள்தான் தங்கள் கையிலிருந்து கட்டுகிறார்கள், அவர்கள்தான் அதிகம் விசாரிக்க வேண்டியவர்கள்.

மூன்றாவது நூறுதான் டிவியில் வந்தது. ‘சான் பூர் சான் சாந்தே’, அதாவது ‘நூறு சதவீத ஆரோக்கியம்’, என்பது அரசுத் திட்டத்தின் பெயர். மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் மூன்றுக்கும் சேர்த்து வந்தது. பல்லில் கேப்புக்கும் பிரிட்ஜுக்கும் 2020 ஜனவரியில், கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தத் திட்டத்துக்குள் வரும் பற்களுக்கு டாக்டர் ஒரு உச்ச விலைக்கு மேல் வாங்கக் கூடாது. செக்யூவும் மியூத்துவேலும் சேர்ந்து அதை முழுசாகக் கொடுத்துவிடும். நம் கையிலிருந்து ஒன்றும் போகாது. நிபந்தனை ஒன்றுதான். ‘ரெஸ்போன்சாப்ல்’ என்ற வகை மியூத்துவேல் இருக்க வேண்டும், சந்தையில் விற்பவை பெரும்பாலும் அந்த வகைதான். இல்லையென்றால் சாந்தே சொலிதேர் இருக்க வேண்டும், அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

இந்தத் திட்டத்துக்குள் வருபவை இவை. சிரிக்கும்போது தெரியும் பற்களுக்கு, அதாவது முன்பல், கோரைப்பல், அதை ஒட்டிய முதல் சிறுகடைவாய்ப்பல் வரைக்கும், பல் நிறத்துப் பீங்கான் கேப். பின்னால் உள்ள கடைவாய்க்கு உலோகக் கேப். முன்பல் ஒன்று விழுந்திருந்தால் இரண்டு பக்கத்துப் பல்லையும் பிடித்துக் கட்டும் பீங்கான் பிரிட்ஜ். ரெசினால் செய்த பல்செட், முழுசாகவோ பாதியாகவோ. ஆக, விழுந்த பல்லுக்குப் பதில் பல் வைப்பதற்குச் செலவில்லாத வழி கட்டாயம் இருக்கிறது. அந்த வழி இம்ப்ளான்ட் இல்லை, அவ்வளவுதான். பிரிட்ஜுக்கு நல்ல பல் இரண்டைத் தேய்க்க வேண்டியிருக்கும் என்பது அதன் குறை, அதை டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

சாந்தே சொலிதேர் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே தரும் மியூத்துவேல். 2019 நவம்பரில் பழைய சே.எம்.உ. துணைக் காப்பீட்டின் இடத்தில் வந்தது. வருமானம் மிகக் குறைவென்றால் இலவசம். கொஞ்சம் மேலே இருந்தால் வயதுக்கு ஏற்ப மாதம் 8 யூரோவிலிருந்து 30 யூரோவரை. கடல்கடந்த மாவட்டங்களில் வருமான வரம்பு பெருநிலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் ‘எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது’ என்று விட்டுவிடாமல் விண்ணப்பியுங்கள். இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கேட்டிருப்பவர்களும் இங்கே மூன்று மாதம் வசித்தபின் செக்யூவோடு சேர்த்து இதையும் கேட்கலாம். தங்கும் அனுமதிக் காகிதம் இல்லாமல் இருப்பவர்களுக்கான அரசு மருத்துவ உதவி வேறு. அதில் பல்செட்டின் கூடுதல் விலை சேராது, நூறு சதவீதத் திட்டமும் அதற்குப் பொருந்தாது. கஷ்டமான நிலைமைதான். ஆனால் தெரியாமல் போய்க் கையொப்பமிடுவதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இனி துவியைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன், இதுதான் எல்லாரும் தவறவிடும் இடம். பல்லை வைப்பதற்கு முன்னால் எழுத்தில் துவி கொடுப்பது டாக்டரின் கடமை, அதற்குப் பணம் வாங்கக் கூடாது. பெரியம்மாவின் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இருவரும் வரி வரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு வரியிலும் எந்தப் பல், என்ன பொருள், விலை, அடிப்படைக் கட்டணம், செக்யூ தருவது என்று கட்டம் கட்டமாக இருக்கும். பல் செய்யப்படுவது பிரான்சிலா, ஐரோப்பாவிலா, வெளியிலா என்பதும் குறித்திருக்கும். இம்ப்ளான்ட் வரிகளில் அடிப்படைக் கட்டணக் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். “இங்க எழுத்து இல்லைன்னா செக்யூவும் இல்ல, பெரியம்மா” என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் விலை அதிகமான வழியைச் சொன்னால், செலவில்லாத வழி இருக்கும்போது அதையும் துவியில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். “எஸ்-கில் யா ஊன் சொலூசியோன் சான் ரெஸ்தா ஷார்ஜ்?” ‘என் கையிலிருந்து எதுவும் போகாத வழி இருக்கிறதா’ என்று அர்த்தம். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். கையொப்பம் கேட்டவுடன் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து மியூத்துவேலுக்கு அனுப்பினால், அவர்கள் எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் பதில் சொல்வார்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.

சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஊருக்குப் போகும்போது இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். விலை குறைவு என்பது உண்மை. ஆனால் திட்டமிட்டு வெளிநாட்டில் செய்துகொள்ளும் பல் வைத்தியத்துக்கு இங்கே செக்யூ பணம் தராது. எலும்பு ஒட்டும்வரை காத்திருந்து இரண்டாவது முறை போக வேண்டும் என்பதால் விமான டிக்கெட்டும் இரண்டு. திருகு தளர்ந்தால் இங்குள்ள டாக்டர் அது எந்த கம்பெனி, எந்த அளவு என்று தெரியாமல் தடுமாறுவார். எங்கே வைத்தாலும் கம்பெனி பெயர், மாடல், தொகுதி எண் எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, இம்ப்ளான்டும் வேண்டும் என்றால் எங்கே செலவழிப்பது? என் அபிப்பிராயம், கீழ்த்தாடைதான். மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ் பல்செட்டுக்கு அப்படிப் பிடி இல்லை, நாக்கு அசையும்போதெல்லாம் எழும்பும். கீழே முன்பக்கம் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதில் பல்செட்டைப் பொத்தான் போல மாட்டினால் சாப்பாடும் பேச்சும் வேறு மாதிரி ஆகிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், சிகரெட் விடாதவர்கள், எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. திருகு பிடிக்காமல் போவதற்கு இவையும் காரணம்.

பெரியம்மா மேலேயும் கீழேயும் ரெசின் பல்செட் போட்டுக்கொண்டார், சொலிதேர் இருந்ததால் ஒரு யூரோவும் கொடுக்கவில்லை. மேல் செட் பிரச்சினை இல்லாமல் இருக்கிறது. கீழ் செட்டை மூன்று தடவை டாக்டரிடம் கொண்டுபோய்த் தேய்த்துச் சரி செய்தார். ராத்திரி கழற்றி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைக்கிறார். மியூத்துவேல் மாற்றினால் இம்ப்ளான்டுக்கு ‘ஃபோர்ஃபெ’ கிடைக்குமா என்று மகன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். சொலிதேரை விட்டுவிட்டுப் போவது லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதிலும் கையொப்பம் போடாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.